முதல் பான்கேக்

மண்டபத்தின் உயரமான ஜன்னல்கள் வழியே வெயில் விழுந்து, நீண்ட இரும்புக் கல்லின் மேல் எழும் ஆவியை வெளுப்பாகக் காட்டுகிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். அவன் பான்கேக் மாவை வட்டம் வட்டமாக ஊற்றுகிறான்; மேலே குமிழி வெடித்த பிறகு அவள் திருப்பிப் போடுகிறாள். சேர்ந்திருந்த நாளில் ஒப்புக்கொண்ட விருந்து என்பதால், அண்ணன் வீட்டிலிருந்து இன்று ஒரு நாள் மட்டும் வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து "என்னங்க" என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. பிரிந்துபோன விஷயம் கைகளுக்குத்தான் இன்னும் எட்டவில்லை. அவன் கேட்குமுன் வெண்ணெய்க் கிண்ணம் அவன் பக்கம் நகர்கிறது. அவள் இருமினால் அடுப்பு தணிகிறது. கல் பதமாகுமுன் வேகும் முதல் பான்கேக் எப்போதும் கோணல்தான். அதைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றுவிட்டுத்தான் இருவரும் வேலையைத் தொடங்குவது வழக்கம். இன்றும் அவன் பிய்த்தான். தன் பாதியைத் தின்றான். அவளுடைய பாதி கல்லோரத்துத் தட்டில் விளிம்பு காய்ந்து கிடக்கிறது.

தட்டேந்திய வரிசை வாசலைத் தாண்டி நெளிகிறது. முன்னால் நிற்கும் அம்மாள் பூரித்துப்போகிறாள். "புருஷன் பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்! வாயே திறக்காம எப்படி வேலை நடக்குது பாரு!" அவன் கரண்டியையே பார்க்கிறான். அவள், "சிரப் போடவாம்மா?" என்கிறாள். "போடும்மா. அந்தப் பாதி சும்மாதானே கிடக்கு, அதையும் இப்படி வைம்மா, என் சின்னவனுக்கு ஆகும்." அவன் சட்டென்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். "இல்லம்மா, அதுக்கு ஆள் இருக்கு." குமிழியே வராத பான்கேக்கை அவள் திருப்பிவிடுகிறாள். பச்சை மாவு கல்லெங்கும் வழிகிறது.