நடுவில் நிற்கும் புல்

தங்கையின் முகத்தில் விழிக்கக் கூடாதென்றுதான் மங்களேஸ்வரி தன் வீட்டுக்கும் பக்கத்திலிருந்த அவள் வீட்டுக்கும் நடுவே அந்த அலங்காரப் புல்லை நட்டாள். அது ஆளுயரம் வளர்ந்து, வெள்ளைக் கதிர்களைத் தூக்கிக்கொண்டு, காற்றில்லாத வேளையிலும் மெல்ல அசைந்தது. வருடத்துக்கு ஒருமுறை, கதிர் காய்ந்ததும், தூரோடு ஒட்ட அறுத்துவிட வேண்டும். மறுபடி அது வளரும்வரை இரு வீட்டுச் சன்னல்களும் திறக்காது. அறுக்குமுன் கட்டாவிட்டால் புல் தோட்டமெங்கும் சிதறும். கணவர் இருந்தவரை அவர் அணைத்துப் பிடித்துக்கொள்வார், இவள் கயிறு சுற்றுவாள். இந்த வருடம் தனியாக அணைத்தாள். கயிறு சுற்றக் கையில்லை. கையை விட்டால் புல் விரிந்துகொண்டது. மறுபடியும் அணைத்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்து புல்லை வளைத்துப் பிடித்தன.

"சுத்துக்கா. நான் பிடிச்சிருக்கேன்."

மங்களேஸ்வரி கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அரிவாளை எடுத்தாள்.

"கட்டியாச்சு. கையை எடு."

கைகள் அப்படியே இருந்தன. புல் கிழித்த கோடுகளில் ரத்தம் துளிர்த்திருந்தது. கதிர்ப்பஞ்சு அவற்றின்மேல் ஓசையில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, இறுகி விழுந்திருந்த முடிச்சை மெல்ல அவிழ்த்தாள்.

"முடிச்சு சரியா விழல. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கடி."