வேகாத தமாலே

"இந்த அடுப்பங்கரையில யாரோ மனசுல கோபத்த வெச்சுக்கிட்டு நிக்கறீங்க. மரியாதையா ஒத்துக்குங்க!"

பானை மூடியைக் கையில் பிடித்தபடி பக்கத்து வீட்டு சோய்லா போட்ட சத்தத்தில், காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அம்பாரோ திடுக்கிட்டுத் திரும்பினாள்.

பானைக்குள் அடுக்கியிருந்த தமாலேக்களில் ஒன்றை எடுத்து, சுற்றியிருந்த சோளத்தோலைப் பிரித்துக் காட்டினாள் சோய்லா. கோழியும் பச்சைமிளகாய்ச் சாந்தும் உள்ளே வைத்துப் பொதிந்த சோளமாவு, கொழகொழவென்று தோலோடு அப்பிக்கொண்டு வந்தது. அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. பானையின் அடியில் போட்டிருந்த காசும், தண்ணீர் வற்றவில்லை என்று கிணுகிணுத்துக்கொண்டுதான் இருந்தது. மத்தியானம் ஏற்றிய பானை, வெயில் தாழ்ந்தும் வேகவில்லை.

அன்று அப்பா பாசிலியோ இறந்து ஒன்பதாம் நாள். இருட்டியதும் ஊரே ஜெபத்துக்கு வந்துவிடும். அப்பாவின் படத்துக்கு முன்னால் தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட சிலுவையை ஜெபம் முடிந்து எடுத்ததும், வந்தவர்களுக்குத் தமாலேயும் காபியும் கொடுக்காமல் அனுப்பினால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

"கோபக்காரி நிக்கற இடத்துல மாவு வேகாது. இது தெரியாதவங்க இந்த ஊர்ல உண்டா?" சோய்லா ஒரு சோளத்தோல் நாரைக் கிழித்து, கோபத்தைக் கட்டிப்போடுவதுபோல் பானையின் காதில் முடிச்சுப் போட்டாள். "ஒண்ணு, கோபத்த விடணும். இல்ல, இடத்த விடணும். யாரு?"

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? வந்தவளக் கேளுங்க," என்றாள் தங்கை நியேவெஸ்.

'வந்தவள்' என்ற சொல் அம்பாரோவுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி வடக்கே போனவள், பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, அப்பாவைப் புதைத்த பிறகுதான் இந்த வாசற்படியை மிதித்திருக்கிறாள். நாளைக் காலை பஸ். அம்மாவோ வாயே திறப்பதில்லை. தங்கையும் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், இனி இந்த ஊரில் தனக்கென்று யாரும் இல்லை.

"நியேவெஸ், எனக்கு லீவு கிடைக்கறதே ஞாயித்துக்கிழமைதான். ஒரு வாரம்கூடத் தவறாம ஃபோன் பண்ணேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். யாரும் எடுக்க மாட்டீங்க."

"புளுகாத! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நான் நேரா இங்கதான் வருவேன். அந்த ஃபோன் ஒரு தடவகூட அடிச்சதில்ல. அப்பா அது பக்கத்துலயே நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டார், தட்ட அங்கயே கொண்டுபோய்க் குடுப்போம். உன் குரலுக்காகக் காத்துக் கிடந்தே அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தார்!"

அந்த நாற்காலியையும் அதில் அப்பாவையும் அம்பாரோ நினைத்துப் பார்த்தாள். தன்மேல் கோபமாகவே போய்விட்டார் என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

"மெதுவா, மெதுவா," என்று சோய்லா கண்ணைக் காட்டினாள். "உங்கம்மா முன்னாடியா இதெல்லாம்?"

மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மிச்ச மாவைத் தோலில் தடவி மடித்துக்கொண்டிருந்தாள் அம்மா எர்மினியா. அப்பா போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கம் நெஞ்சை அடைத்துவிட்டது என்று ஊரார் உச்சுக்கொட்டினார்கள். கணவர் சொல்லை ஒருநாளும் தட்டாதவள், அவர் இல்லாமல் என்ன செய்யப்போகிறாளோ என்று சோய்லாவே நாலு பேரிடம் சொல்லி மூக்கைச் சிந்தியிருந்தாள்.

அம்மாவைப் பார்த்ததும் அம்பாரோவுக்கு வாதாடும் தெம்பு போய்விட்டது. யார் சொல்வது சரி என்று நிரூபித்து என்ன ஆகப்போகிறது?

"என் தப்பாவே இருக்கட்டும், நியேவெஸ். மன்னிச்சிடு. அப்பாவத்தான் இழந்தாச்சு. உன்னையும் இழக்க முடியாதுடி."

நியேவெஸ் முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு, "இத்தன வருஷம் எங்க போய்த் தொலைஞ்சேக்கா?" என்று மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அப்பாடா! இனி பாருங்க, பூ மாதிரி வெந்துடும்," என்று சோய்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியை அழுத்திப் போட்டாள்.

வெளியே வெளிச்சம் மங்கியது. முற்றத்தில் யாரோ நாற்காலிகளைப் பிரித்துப் போடும் சத்தம் கேட்டது. சோய்லா ஆசையோடு மூடியைத் திறந்தாள். மாவு பச்சையாகவே இருந்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னைப் பாக்காதீங்க. எனக்குக் கோபம் வந்தா தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்," என்றாள் சோய்லா.

அப்போது எர்மினியா எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த கறுப்புச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கோபத்த விடணும், இல்ல இடத்த விடணும்னு சொன்னியே, சோய்லா. கோபத்த என்னால விட முடியல. நான் போறேன்."

அடுப்பங்கரை வாசலில் நின்று சின்ன மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா சொன்னது நிஜம், நியேவெஸ். அவ கூப்பிடுவான்னு உங்கப்பாவுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஃபோன் ஒயரப் பிடுங்கிடுவார். நான் போய் மறுபடி சொருகிடக் கூடாதுன்னுதான் அங்கயே உக்காந்திருப்பார்."

கூடத்தில் இருந்த படத்தை ஏறிட்டும் பார்க்காமல், அதைத் தாண்டிக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தாள்.

ஜெபம் தொடங்குவதற்குள், ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் பானை முழுக்க வெந்திருந்தது.