கல்வத்தின் பக்குவம்

ஒரு ஆய்வுக்கூடத்தில், நோயாளிகளின் சதையை அரைத்துக் கொடுக்கும் கல்வம் ஒன்று இருந்தது. அந்த அரைப்பில் பூஞ்சை முளைக்கிறதா என்று வளர்த்துக் காட்டுவது கண்ணாடித் தட்டின் வேலை.

அன்று சொர்ணத்தாயின் மூக்கிலிருந்து வெட்டிய சதைத்துணுக்கு வந்தது. பூஞ்சையாக இருந்தால் மருந்து ஏற்றியே ஆகவேண்டும். ஏற்றாவிட்டால் அது கண்ணுக்குப் பரவிவிடும்.

"அக்கா, இதை அரைக்காதீங்க," என்று தட்டு கெஞ்சியது. "இந்தப் பூஞ்சை நசுங்கினா செத்துப்போகும், என்கிட்ட முளைக்காது. பொடியா நறுக்கினாலே போதும்."

"இருபது வருசமா அரைக்கிறேன். நேத்து வந்த நீ எனக்குச் சொல்றியா?" என்ற கல்வம், சதையைச் சந்தனமாக அரைத்துக் கொடுத்தது.

தட்டு ஐந்து நாள் காத்துக் கிடந்தது. ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. 'பூஞ்சை இல்லை' என்று எழுதினார்கள். சந்தேகத்தின் பேரில் சொர்ணத்தாய்க்கு ஏற்றிவந்த மருந்தை நிறுத்தினார்கள். தட்டைக் குப்பை வாளியில் போட்டார்கள்.

"பார்த்தியா, எவ்வளவு சுத்தம்! எல்லாம் என் பக்குவம்," என்றது கல்வம்.

இரண்டே நாளில் அதே பெயர் ஒட்டிய புட்டி மறுபடி வந்தது. உள்ளே அவளுடைய கண் இருந்தது.

வாளிக்குள்ளிருந்து தட்டு அதைப் பார்த்தது.

"போன தடவை கொஞ்சம் திப்பியா விட்டுட்டேன் போல," என்றது கல்வம். "இதை இன்னும் நைசா அரைச்சிடறேன்."