குத்துமதிப்பு

“சுத்தி வளைக்காதீங்க டாக்டர். இந்தப் பொண்ணோட கிட்னி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?”

கேட்டவர் லாரி ஆபீஸ் நடத்துகிற ஓர் அம்மா. மகனுக்கு நிச்சயம் செய்த பெண்ணைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டே கேட்டார். மகனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டாராம். அவன் உள்ளே வந்தால் கண்ணைக் கசக்குவானாம், பேச வந்த காரியம் நடக்காதாம்.

சிறுநீரக டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பது போல அல்லவா விசாரிக்கிறார்!

பெண் ஓவிய ஆசிரியை. அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். அது சிறுநீரகத்திலும் கை வைத்துவிட்டது. மறைத்துக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று, ரிப்போர்ட்டுகளை அவளேதான் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்திருந்தாள். டாக்டரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் சொல்லிவிட்டாள்.

டாக்டர் நழுவப் பார்த்தார். பயாப்ஸியில் தெரிகிற தழும்பு, ஒரு வருட மருந்துக்குப் பிறகும் சிறுநீரில் போகிற புரதம், இவற்றை வைத்துக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும் என்றார்.

“அந்தக் குத்துமதிப்பைத்தான் கேக்கறேன். சொல்லாம நான் எந்திரிக்கப் போறதில்லை.”

டாக்டரின் கணக்கு பத்து வருடம். போன மாதம் அந்தப் பெண்ணிடம் ஒளிக்காமல் சொல்லியும் இருந்தார். அன்று அவள் அழவில்லை. பத்து வருஷத்தில் நிறைய வரையலாம் என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். அப்படிப்பட்டவளின் கல்யாணம் தன் வாயால் நின்றுபோவதா? தொழிலில் இதுவரை பொய் சொல்லாதவர், முதல் முறையாகத் துணிந்தார்.

“இருபது வருஷம் தாராளமா ஓடும்மா.”

பெண் சட்டென்று நிமிர்ந்தாள். “டாக்டர், போன மாசம் நீங்க என்கிட்ட…” என்று ஆரம்பித்தவளை டாக்டர் கண்ணாலேயே அடக்கினார்.

மகிழ்ந்திருக்க வேண்டிய அந்த அம்மாவின் முகமோ தொங்கிப்போனது. இருபதா, நன்றாகத் தெரியுமா, பத்துக்குள் எதுவும் ஆகாதா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். டாக்டருக்கு வெறுத்துவிட்டது. கெட்ட செய்தி வேண்டும் என்றே வந்திருக்கிறாரே, கல்யாணத்தை நிறுத்த ஒரு சாக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தமா?

“இருபதுதான். அப்புறம் என்னம்மா?” என்றார் கறாராக.

அந்த அம்மா நீண்ட பெருமூச்சு விட்டார். பெண்ணின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு இப்பவே அம்பத்தாறு டாக்டர். இருபது வருஷம் கழிச்சு என் கிட்னி இவளுக்கு எதுக்கு ஆகும்? ரத்த குரூப் எல்லாம் பார்த்து வச்சிருந்தேன். சரி, கார்ல இருக்கானே, அவனை இன்னைக்கே சிகரெட்டை விடச் சொல்றேன்.”