நாற்காலிக்குப் பின்னால்

தீர்ப்பின் கடைசி வரிகளை நீதிபதி தமிழிலும் சொன்னார்.

காவலர்களை அதிகாரிகள் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. சீருடை போட்டவன் எவர் வீட்டுக்கும் வேலைக்காரன் அல்ல. அரசியல் சாசனம் தரும் கண்ணியம் அவனுக்கும் உண்டு.

மனுதாரர் பேச்சியம்மாள் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்குப் புரியட்டும் என்றுதான் தமிழ். திருடனைப் பிடிக்கப் போலீசில் சேர்ந்த அவள் புருஷன், அதிகாரி வீட்டில் நாய் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் ஒரு வக்கீல் பக்கத்திலிருந்தவர் காதைக் கடித்தார்.

"இனி எஜமான் நாயை எஜமானே குளிப்பாட்ட வேண்டியதுதாம்வே."

நீதிபதிக்கும் அது கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். செங்கல் சூளையில் மண் மிதித்தவள் மகன் எழுதிய தீர்ப்பு. உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

எழுந்திருக்கக் கையூன்றினார்.

உயர்நீதிமன்றமே எழுந்து தலைகுனிந்தது.

நாற்காலி தானாகப் பின்னால் நகரத் தொடங்கியது.

தானாக அல்ல.

திரும்பிப் பார்த்தார்.

சிவப்புப் பட்டையும் தலைப்பாகையுமாக டவாலி இசக்கிமுத்து. நாற்காலியின் முதுகில் அவருடைய இரண்டு கைகள். காலையில் நீதிபதி வீட்டுக்குக் காய்கறி வாங்கி வந்த கைகள். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத் தந்த கைகள்.



நீதிபதி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தானே இழுத்தார். கனத்த தேக்கு. மேடைப் பலகையில் கிறீச்சென்று உரசியது.

இசக்கிமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"நான் எதும் தப்புப் பண்ணிட்டேனாய்யா?"

நீதிபதி கைப்பிடியை விடவில்லை. 

"வீட்டுல கட்டிக்குடுக்காத கொமரு இருக்குய்யா. வேலையை விட்டு மட்டும் எடுத்துராதீய."

கீழே எல்லாத் தலைகளும் குனிந்தே இருந்தன. அந்த வழக்கம் தெரியாத பேச்சியம்மாள் மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியிலிருந்து அவர் கையை எடுத்தார்.

இசக்கிமுத்துவுக்கு மூச்சு வந்தது. நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்தார். செங்கோலை எடுத்துக்கொண்டு, எதிரே நின்றவர்களை 'உஷ்' என்று விலக்கியபடி முன்னால் நடந்தார்.

நீதிபதி பின்னால் போனார்.