அளவா முறுக்கோணும்

“அந்தப் பெரிய பொட்டியில இருக்கறதக் காட்டுங்க பாய்” என்றாள் உண்ணாமலை.

சேலத்தில் தௌசீப்பின் டூல்ஸ் கடை. உண்ணாமலை, பரமத்தி வேலூரில் வாழைக்கும் கரும்புக்கும் ட்ரோன் வைத்து மருந்தடிப்பவள். இதுதான் முதல் சீசன். போன வாரம் மோட்டார் ஸ்க்ரூ லூசாகி ட்ரோன் வாழைத் தோட்டத்தில் விழுந்தது. பயந்துபோய் அடுத்த ஸ்க்ரூவை இறுக்கி முறுக்கினாள். மரை போய்விட்டது.

அளவான முறுக்கு வந்ததும் ‘டக்’கென்று சொல்லிவிடும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்கத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள்.

“அது வேண்டாம் அம்மிணி. இந்தச் சின்னது போதும். பாதி வெலைதான்.”

குரல் வந்த பக்கம் திரும்பியவளுக்குச் சுருக்கென்றது.

நாச்சிமுத்து! அவள் ஊரிலேயே இன்னொரு ட்ரோன்காரர். இவள் தொழிலுக்கு வரும்வரை சுத்துப்பட்டுக் காடுதோட்டத்துக்கெல்லாம் மருந்தடித்தது அவர் ஒருத்தர்தான்.

“பெருசுதான நல்லாருக்குமுங்க?”

“பெரிய ஸ்க்ரூவுக்கு நல்லாருக்கும். நம்ம ஸ்க்ரூ பொடிசு. அது டக்குங்கறதுக்குள்ள மரை போயிரும்.”

உண்ணாமலை வெளியே போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

“நாச்சிமுத்து சொன்னானா?” அங்கமுத்து கத்தினான். “அப்ப அதத் தொடவே தொடாத! உன்ற ட்ரோன் மறுக்கா வுழுந்தாத்தான அவனுக்குக் கொண்டாட்டம்?”

அவளுக்கும் அதே சந்தேகம்தான். உள்ளே வந்து, “டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க பாய்” என்றாள்.

தௌசீப் சின்னதை முறுக்கை அளக்கும் மீட்டரில் மாட்டித் திருகினான். டக். அளவு கச்சிதம். அவளே வாங்கித் திருகினாள். டக். இன்னொரு தரம். டக். அவளையும் அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, இதையே போடுங்க. நாச்சிமுத்தண்ணா, உங்க பேச்சக் கேட்டு வாங்கறேன். வுழுந்துச்சுன்னா உங்க ஊட்டு வாசல்ல கொண்டாந்து வெச்சிருவேன், ஆமா!”

“வெய்யி அம்மிணி” என்று சிரித்தபடி எழுந்தார் நாச்சிமுத்து. “வாரேன் பாய். பஸ்ஸப் புடிக்கோணும்.”

அவர் படி இறங்கியதும் உண்ணாமலை குரலைத் தாழ்த்தினாள்.

“அத்தன நல்லதுன்னா அவரும் ஒண்ணு வாங்கியிருப்பாரில்லீங்க?”

பில் போட்டுக்கொண்டிருந்த தௌசீப் நிமிர்ந்தான்.

“வாங்கத்தான்க்கா வந்தாரு. சின்னதுல கடையில இருந்ததே இது ஒண்ணுதான். அவருக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன். நீங்க போன் பேசப் போனப்ப, ‘எனக்குக் கைப்பழக்கம் இருக்குது, அடுத்த லோடுல வாங்கிக்கறேன். அந்தம்மிணி பாவம், இப்பத்தான் தொழிலுக்கு வந்திருக்குது, அதுக்குக் குடுத்துருங்க’ன்னுட்டாரு.”

அடுத்த நிமிஷம் உண்ணாமலை தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

“நாச்சிமுத்தண்ணா, நில்லுங்க! நாளைக்கு உங்க ட்ரோனத் தூக்கிக்கிட்டு நேரா எங்க ஊட்டுக்கு வந்துருங்க! அதுக்கும் இதுலயே முறுக்கிரலாம்!”