மலைப் பாக்கி

ஒன்றேகால் ரூபாய்.

முப்பத்தொன்பது வருஷத்துக் கடன். மலைக்குத் தர வேண்டியது.

ஒரு ரூபாயையும் நாலணாவையும் மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தான். நாலணா இப்போது எந்தக் கடையிலும் செல்லாது. மலையிடம் செல்லும்.

பாதை தொடங்குகிற இடத்தில், பாதைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

அமாவாசைக் கூட்டம் மலையை வலம் சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்தது.

அவன் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தான்.

நாலு வயதில் வந்த காய்ச்சல் மூன்றாம் நாள் போய்விட்டது. போகும்போது இடது காலின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். மற்ற கால் வளர்ந்தது. இடது கால் பின்தங்கிவிட்டது.

அம்மா மலையடியில் நின்று காசு முடிந்தாள். எம் பையன் தன் காலாலயே உன்னச் சுத்தி வந்து இதப் போடுவான்.

சாகிறதுக்கு முந்தின நாளும் அவள் தண்ணீர் கேட்கவில்லை.

"மலைப் பாக்கி நிக்குதடா."

காரியம் முடிந்த மறுவாரமே வந்தான். வலம் என்றால் மலை வலக்கைப் பக்கம். பாதையோ மலைச்சரிவில் ஆடு போட்ட தடம். வலது காலுக்கு மேடு, இடது காலுக்குப் பள்ளம். குட்டைக் கால் பள்ளத்துக்கு எட்டவில்லை. நூறு அடிக்குள் இரண்டு முறை விழுந்தான்.

போதும் என்று திரும்பினான்.

திரும்பியதும் மலை இடக்கைப் பக்கம் வந்துவிட்டது.

குட்டைக் காலுக்கு மேடு. நெட்டைக் காலுக்குப் பள்ளம்.

உடம்பு சாயவில்லை.

பத்தடி நடந்தான். நிழலைப் பார்த்தான். வேறு யாருடைய நிழலோ போல நிமிர்ந்து வந்தது. நின்றான். அதுவும் நின்றது. சிரிப்பு வந்தது. சொல்ல ஆள் இல்லை. ஒரு வெள்ளாடு பார்த்துவிட்டு மேயப் போனது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறினதில்லை. ஆறு வருஷம். முதலில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று. ஒரு மாசி மாதம் முழு மலையையும் இடமாகச் சுற்றிவிட்டு, மூச்சு வாங்காமல் நின்றான். தொடை இறுகியது. பசி எடுத்தது. எந்தக் கல் ஆடும், எந்த வேர் இடறும் என்று பாதத்துக்கே தெரிந்தது.

வேலை செய்யும் செங்கல் சூளையில் கேட்பார்கள். "ஞாயித்துக்கெழமயானா எங்கடா போயிடறே, பொண்ணு பாக்கவா?"

"ஆமா" என்பான்.

"ஆறு வருசமா ஒரே பொண்ணயா?"

அதற்கும் ஆமாம் என்பான்.

போன அமாவாசைக்குக் காசைக் கொண்டுபோய் மலையடிக் கோயில் பூசாரியிடம் நீட்டினான். அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று அவர் பார்த்திருந்தார்.

"இடமாச் சுத்தினது சுத்துல சேராதப்பா. சாமிக்கு ஒரு முறை இருக்குதல்ல."

காசைத் திரும்ப முடிந்துகொண்டான்.

அந்த மாதம் முழுக்கச் சூளையில் குந்தி உட்கார்ந்து கல் அறுத்தான். சேற்றை அச்சில் அடித்து, கவிழ்த்து, ஒரு கல் நகர்ந்து, மறுபடி அடித்து. கல் அறுக்கிறவன் பின்னால்தான் நகர்வான். முன்னால் நகர்ந்தால் அறுத்த கல்லை அவனே மிதிப்பான். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் நகர்கிறான்.

ஒருநாள் கை அச்சிலேயே நின்றுவிட்டது.

இப்போது பின்னால் நடக்கிறான். கூட்டம் போகிற பக்கமே அவனும் போகிறான், வலமாக. மலை மட்டும் இடக்கைப் பக்கம்.

குதிகால் தேடியது. கல். அடுத்தது வேர். கண் இல்லாமலே எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

சிலர் சிரித்தார்கள். சிலர் ஒதுங்கிப் போனார்கள். வேண்டுதலாக இருக்கும் என்றது ஒரு குரல்.

பாதி மலை தாண்டியிருப்பான்.

"அண்ணா, நில்லுங்க."

தேங்காய்ப் பையோடு ஒருத்தி. அவனைப் பார்த்தபடி, அவன் போகிற பக்கமே வந்துகொண்டிருந்தாள்.

"உங்க வலது குதிகாலுக்குக் கீழ ஒண்ணுமில்ல."

நின்றான். மழை பாதையின் ஓரத்தைத் தின்றிருந்தது.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நாலடி தள்ளி நடந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். மேடுங்க. கல்லு. இப்ப வேரு. அவன் மெதுவாக வைத்தால் அவளும் மெதுவாக வைத்தாள்.

ஆறு வருஷத்தில் இந்த மலையில் எதிரே வந்த முகமெல்லாம் கடந்து போன முகம். இது கடந்து போகவில்லை.

கோயில் வந்ததும் கூட்டத்தில் கலந்துவிட்டாள். ஊர் எது என்றுகூட அவன் கேட்டிருக்கவில்லை.

பூசாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். குதிகாலில் ரத்தம் கசிந்திருந்தது. பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் என்றார்கள்.

தட்டை நீட்டினார்.

ஒரு ரூபாய் விழுந்தது. நாலணா உருண்டு, விளிம்பைத் தொட்டு, படுத்தது.

தீர்ந்தது.

துணியை உதறி மடித்து வைத்துக்கொண்டான். இனி இந்த மலைக்கு அவன் வர வேண்டியதில்லை.

வெயில் சாயக் கூட்டம் வடிந்தது. பாதையில் தேங்காய் ஓடுகளும் ஆடுகளும் மிச்சம்.

கோயில் ஓரமாக உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, முகம் முன்னால் இருக்க, இரண்டு கைகளையும் வீசி நடந்தான்.

ஓரம் இடிந்த இடம் வந்தது.

"நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டான். நின்றான். தாண்டினான்.

"இப்ப வேரு."